ஒருவழிக் குரல்

ராணுவம் சோதனைக்காக ஏவிய சின்னச் செயற்கைக்கோள் வானத்தைக் கடந்துகொண்டிருக்கிறது. பனிச்சரிவில் சிக்கிய ரோந்துப் படையின் குரலை இங்கே கொண்டுவர அதை விட்டால் வேறு வழியில்லை. ஜன்னல் வெயிலில் திரை மங்கித் தெரிய, கட்டுப்பாட்டு அறைப் பொறியாளர் மைக்கை உதட்டோடு அழுத்திப் பிடித்திருக்கிறாள். ஒலிபெருக்கியில், அந்தப் படையில் இருக்கும் அவளுடைய தம்பி கூப்பிடுகிறான். "யாராவது இருக்கீங்களா? கேக்குதா?" "கேக்குதுடா! எங்கடா இருக்கே?" என்று அலறுகிறாள். இங்கிருந்து போகும் குரலை மட்டும் செயற்கைக்கோள் காலையிலிருந்து வாங்க மாட்டேன் என்கிறது. "பதிலே இல்லப்பா," என்று தம்பி பக்கத்தில் யாரிடமோ சொல்கிறான்; பல் கிட்டித்துப் பேச்சு குழறுகிறது. "நம்மள யாரும் தேடல போலிருக்கு. ரேடியோவ அணைச்சிடு." மேலதிகாரி அவள் தோளைத் தொடுகிறார். "விடும்மா, செயற்கைக்கோள் தொடுவானத்துக்குக் கீழ போயிடுச்சு." அவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. "ஹெலிகாப்டர் கிளம்பிடுச்சுடா கண்ணு, தூங்கிடாதே," என்று வெறும் இரைச்சலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.