முதலில் சொன்னது யார்

ஒன்பதாவது கட்டுரையும் அதையேதான் சொன்னது.

ஆற்றுக்குக் கிழக்கே பதினோரு ஊர்களில் கிணற்று நீரில் ஃப்ளூரைடு அளவோடுதான் இருக்கிறது. குடிக்கலாம்.

எட்டாவதைப் பார்த்து ஒன்பதாவது. ஏழாவதைப் பார்த்து எட்டாவது. இவர்களில் ஒருத்தராவது கிணற்றடிக்குப் போனாரா? ம்ஹூம்.

அவளும் இந்த ஆய்வுக்காகப் போகவில்லை.

முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்ததே ஃப்ளூரைடுதான். அது கூடினால் முதலில் பல்லில் பழுப்புக் கறை விழும். அப்புறம் எலும்பு வளையும். ஆற்றுக்கு மேற்கே நாற்பது ஊர்களில் வெயிலில் அலைந்து, குப்பி குப்பியாகத் தண்ணீர் பிடித்து வந்தவள். கிழக்கே மட்டும் விட்டுவிட்டாள். பார்த்தாயிற்று என்று ஒன்பது பேர் எழுதியிருக்கும்போது மறுபடி எதற்கு?

திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். முதலில் சொன்னது யார் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் முன்னாய்வுகள் பற்றிய இயல் முடிந்தது.

முதல் கட்டுரையின் அடிக்குறிப்பைப் பார்த்தாள்.

வெளியிடப்படாத எம்.பில். ஆய்வேடு. துறை நூலகம். எண் 412.

பெயர் இல்லை. தலைப்பும் இல்லை.

பேர் எழுதக்கூடக் கை வலித்ததா இந்த மனுஷனுக்கு?

திட்டிக்கொண்டே பஸ் ஏறினாள். அவள் எம்.பில். படித்த அதே துறை. பன்னிரண்டு வருடம் கழித்து அந்தப் படிகளில் ஏறினாள்.

நூலகர் அமலதாஸ் ஸ்டூல் போட்டு மேல் தட்டிலிருந்து எடுத்தார். தூசியைத் தட்டி நீட்டினார்.

“ஒரே ஒருத்தர்தான் மேடம் இத எடுத்துப் பாத்தாரு. மத்தவங்க எல்லாம் போன் பண்ணி, நம்பர் சரியான்னு கேட்டுக்குறதோட சரி.”

பின்னட்டையில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் ஒற்றை முத்திரை.

முன்பக்கம் திருப்பினாள்.

மு. செங்கமலம்.

அவள் பெயர்.

முதலில் சிரிப்புதான் வந்தது. அட, நானா! கிழக்கே அந்தப் பதினோரு ஊர்களில் வயலுக்குப் பாய்ச்சத் தண்ணீர் தேறுமா என்று நாலே மாதத்தில் அடித்துப் பிடித்து எழுதியது. அதில் உப்புதான் விஷயம். ஃப்ளூரைடைப் பற்றி அவள் எங்கே...

நான்காம் அட்டவணை.

வலது ஓரக் கட்டங்கள்.

0.8. 0.9. 0.8. 0.7. 0.9.

சிரிப்பு நின்றது.

ஐயோ.

ஃப்ளூரைடு பார்க்கும் கருவி அந்த மாதம் பழுது. கட்டம் காலியாக இருந்தால் ஆய்வேட்டை வாங்க மாட்டார்கள். ஆய்வக மேசையில் உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள், பதினோரு எண்களையும் அவளே போட்டாள். பாசன ஆய்வில் ஃப்ளூரைடை யார் பார்க்கப் போகிறார்கள்?

அமலதாஸ் ஏதோ கேட்டார். காதில் விழவில்லை.

போன மாதம் கிழக்கே ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தாகத்துக்கு நின்றாள். பள்ளிக் கிணற்றுத் தண்ணீர். இரண்டு டம்ளர் குடித்தாள். தைரியமாக. பிள்ளைகள் சுற்றி நின்று சிரித்தார்கள். படம் எடுத்துக்கொண்டாள்.

செல்போனைத் திறந்தாள். அவசரத்தில் இரண்டு முறை வேறு படம் வந்தது.

மூன்றாவது முறை வந்துவிட்டது.

இருபது பிள்ளைகள் இருக்கும்.

“கைய எடுங்கடா, முகம் தெரியட்டும்” என்று அன்றைக்கு எத்தனை தடவை சொன்னாள்! வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தாள்.

இருபது பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.