எதிர்க்கடை உளவாளி

"டார்லின், வந்துட்டா பாரு எதிர்க்கடை லெராய் அனுப்பின உளவாளி! சீக்கிரம் அட்டையை மாத்து!"

நார்பர்ட் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தபடியே கத்தினார். வெளியே பச்சைக் கோட்டுப் பெண் ஒருத்தி பூட்ஸில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டிருந்தாள். டார்லின் அலுத்துக்கொண்டே போய், சாய்வு நாற்காலியில் தொங்கிய 900 டாலர் அட்டையைக் கழற்றிவிட்டு 1300 டாலர் அட்டையை மாட்டினாள். இருபது வருஷமாகப் புருஷனோடு சேர்ந்து மரச்சாமான் கடை நடத்துகிறவள் அவள். இந்த மாதிரிக் கூத்தெல்லாம் பழகிவிட்டது.

சில மாதங்களாகவே இந்தப் பச்சைக் கோட்டு வந்துபோகிறது. வருவாள், அதே நாற்காலி முன்னால் நிற்பாள், விலையைக் கைக்கணினியில் தட்டிக்கொள்வாள், போய்விடுவாள். ஒரு குஷன்கூட வாங்கியதில்லை. முதல் தடவை வந்தபோது, "சார், நான் யாருன்னா..." என்று அவள் ஆரம்பிக்க, நார்பர்ட் கையமர்த்திவிட்டார்.

"நீங்க யாருன்னு எனக்கு நல்லாத் தெரியும்மா. சொல்லவே வேணாம். தாராளமா எழுதிக்குங்க."

"தெரியுமா? ரொம்ப நல்லதாப் போச்சு சார்!" என்று அவள் முகமெல்லாம் சிரித்தாள். என்ன நெஞ்சழுத்தம் என்று நார்பர்ட்டே அசந்துபோனார்.

இன்றைக்கும் தட்டிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். கதவு மூடியதும் டார்லின் பழைய அட்டையை மறுபடி மாட்டினாள்.

"எதுக்கு நார்ப் இந்த நாடகம்?"

"வெளிநாட்டு நாற்காலிக்கு வரி போட்டுட்டாங்கல்ல? நம்ம குடோன் நிறைய வரிக்கு முன்னாடி வாங்கின சரக்கு. பழைய விலைக்கே விக்கலாம். ஆனா அது லெராய்க்குத் தெரியக் கூடாது. நான் ஏத்திட்டேன்னு நம்பி அவனும் ஏத்துவான். ஊரே நம்ம கடைக்கு ஓடி வரும்."

"அவன் ஏத்தினானா?"

"பின்னே? போன மாசம் இவ நேரா ரோட்டைத் தாண்டி அவன் கடைக்குப் போனா. நானும் பின்னாலேயே போய் ஜன்னல்ல எட்டிப் பார்த்தேன். இதே நாற்காலிக்கு 1400ன்னு தொங்குது! எப்படி என் மூளை?"

"மூளை சரி. ஊர் ஓடி வரலையே?"

நார்பர்ட்டுக்குச் சுருக்கென்றது. கால்பந்து சீசன் பாதி ஓடிவிட்டது. இந்த மில்வாக்கியில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைச் சாய்ந்து பார்க்க ஆசைப்படாதவன் உண்டா? இருந்தும் நாற்காலிகள் அசையாமல் கிடந்தன.

"வட்டி டார்லின், வட்டி! இந்த வட்டிக்கு எவன் வீடு வாங்குவான்? வீடு வாங்காதவன் நாற்காலியை வாங்கி எங்கே போடுவான்? விலைவாசி கொஞ்சம் அடங்கினா மத்திய வங்கியில வட்டியை இறக்கிடுவாங்களாம். இறக்கட்டும், நம்ம கட்டடக் கடனையும் புது வட்டிக்கு மாத்திடலாம். கடை பிழைச்சுக்கும்."

"இறக்கலைன்னா?"

"வாயைக் கழுவு!"

மறுமாதம் மத்திய வங்கியின் வட்டி முடிவு வெளியான அன்றே நார்பர்ட் வங்கிக்கு ஓடினார். கடன் அதிகாரி ஜோலீன் மேசை முன்னால் ஏற்கெனவே ஓர் ஆள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பார்த்தால், லெராய்! அவர் கட்டடமும் இதே வங்கிக் கடனில்தான் நிற்கிறது.

"உட்காருங்க நார்பர்ட்," என்றாள் ஜோலீன். "ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லிடறேன். வட்டி இறங்கலை. பழைய சலுகை வட்டியும் இந்த மாசத்தோட முடியுது. தவணை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆயிடும்."

நார்பர்ட் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். கடையைப் பூட்ட வேண்டியதுதான். டார்லினிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

"இறங்கும்னுதானே சொன்னாங்க?" என்றார் ஈனசுரத்தில்.

"எல்லாரும் அப்படித்தான் நினைச்சோம். மத்த விலையெல்லாம் அடங்கித்தான் இருக்காம். மரச்சாமான், அதுலயும் சாய்வு நாற்காலி விலைதான் எகிறிடுச்சாம். வரியோட சூடு இப்பத்தான் ஏறுதுன்னு பயந்து வட்டியில கையே வைக்கலை."

"யார் ஏத்தினது? அந்தப் புண்ணியவானை நான் பார்க்கணும்!" என்று நார்பர்ட் மேசையைத் தட்டினார்.

"நானும் பார்க்கணும்! நம்ம வயித்துல அடிச்சுட்டானே படுபாவி!" என்றார் லெராய். பல வருஷத்துக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான்.

அப்போது வங்கிக் கதவைத் திறந்துகொண்டு பச்சைக் கோட்டு உள்ளே வந்தது.

லெராய் துள்ளி எழுந்தார். "யோவ் நார்பர்ட், உன் உளவாளியை இங்கேயுமா அனுப்பினே?"

"என் உளவாளியா? அவ உன் ஆளுய்யா!"

"என் ஆளா? அவ உன் கடையிலேர்ந்துதானே எங்கிட்ட வருவா! உன்னை ஏமாத்தத்தான்யா அவ வர்றப்பல்லாம் 1400 அட்டையை எடுத்து மாட்டினேன்! நான் விக்கறதே 900தான்!"

ஜோலீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாசல் பக்கம் கையாட்டினாள். "வாங்க மேடம், லாக்கர் வாடகை குறிக்க வந்தீங்களா? இவங்களைத் தெரியுமில்லே? நாட்டு விலைவாசிக் கணக்குக்கு நம்ம ஊர் விலையை எடுக்கறது இவங்கதான்."

"இந்த ரெண்டு சாரையும் தெரியாம என்ன?" என்று பச்சைக் கோட்டு வாய் நிறையச் சிரித்தது. "நாற்காலி விலைக்கு இந்த ஊர்ல நான் போறதே இவங்க ரெண்டு பேர் கடைக்குத்தான்!"