மேல் சுரங்கள்

சிந்தசைசர் இசைப்பெட்டியின் குமிழை முர்ஷித் வலப்பக்கம் திருப்பினான். சுரம் ஏறியது, இன்னும் ஏறியது, பிறகு தேய்ந்து இல்லாமல் போனது.

மறுபடியும் அதே இடத்தில்.

பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் நண்பன் சுஜீபன் வான் கொண்டு வந்துவிடுவான். இரவு மட்டக்களப்பில் நிகழ்ச்சி. முர்ஷித் மேடையேறப்போவது அதுவே முதல் தடவை.

சம்மாந்துறையில் நெல் ஆலை இயந்திரத்தின் இரைச்சலுக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக நின்றவன் அவன். வீட்டுக்கு வந்ததும் ஈயம் உருக்கிச் சிறுகச் சிறுகச் சேர்த்த பெட்டி இது. ஒரு துண்டு ஒலியைப் பிறப்பிக்கும், ஒரு துண்டு அதைச் சீவும், இன்னொன்று நடுங்கவைக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் அதை இயக்கும் ஒரு சின்ன மைக்ரோகொன்ட்ரோலர் சிப்.

கீழ்ச் சுரங்கள் மணியாய் ஒலித்தன. மேல் சுரங்கள்தான் வரவில்லை.

மைக்ரோகொன்ட்ரோலரைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினான். லப்டொப்பில் நிரலைத் திருத்தி மீண்டும் ஏற்றினான். ஸ்பீக்கரையும் மாற்றினான்.

இல்லை.

எல்லாம் சரி என்றுதான் டெஸ்டர் காட்டியது. அவன் டெஸ்டரைக் கட்டிலில் வீசினான்.

"யா அல்லாஹ், இண்டைக்கு மட்டும்..." குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு, ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கண்களை மூடிக்கொண்டான்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்த மனைவி ஆகிலா. மகள் வாசற்படியிலேயே நின்றாள், இரண்டு காதுகளிலும் விரல்களை விட்டுக்கொண்டு.

"என்னங்க இது, காது கிழியிது! ரோட்டு வரைக்கும் கேக்கிது, நிப்பாட்டுங்க!"

முர்ஷித் ஸ்பீக்கரைப் பார்த்தான். மகளைப் பார்த்தான்.

குமிழைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினான். மகள் விரலை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம். இன்னும். மகள் மெல்ல விரல்களை எடுத்து அவனைப் பார்த்துச் சிரித்தாள். அப்போதும் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வாசலில் வான் வந்து நின்றது. சுஜீபன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"பிழையக் கண்டுபிடிச்சிட்டியா மச்சான்?"

"ஓம்" என்றான் முர்ஷித். குனிந்து பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினான்.