ஒத்திகையில் ஒரு வரி

"என்னம்மா, வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டு வந்தீங்களா? படிங்க."

விழா அதிகாரியின் குரல் காலி மண்டபம் முழுக்க எதிரொலித்தது.

மேடையில் மைக் முன்னால் நின்ற டெலிபோன் ஆபரேட்டர் தலையைக் குனிந்துகொண்டாள்.

நாளை மறுநாள் புது ஜனாதிபதி பதவியேற்கிறார். பெண்மணி, குள்ளமான உருவம். மைக்கையும் விளக்குகளையும் சரிபார்க்க அதே உயரத்தில் ஓர் ஆள் வேண்டுமென்று தேடி, அலுவலகத்திலிருந்து இவளைக் கூட்டி வந்திருந்தார்கள்.

காலையிலிருந்து ஒரே கேலி.

"ஜனாதிபதியம்மா, என் சம்பளத்தைக் கொஞ்சம் ஏத்திக் கொடுங்க" என்று டிரைவர் கும்பிட்டார்.

"முதல்ல நீ ஹாரன் அடிக்கிறதைக் குறை. அப்புறம் யோசிக்கலாம்" என்றாள் அவளும்.

சிரித்துக்கொண்டேதான் சிவப்புக் கம்பளத்தில் நடந்தாள். வணக்கம் சொன்னாள். கையை உயர்த்தினாள்.

உறுதிமொழியில்தான் நின்றுவிட்டாள்.

"'யார் மீதும் பகையின்றி நடப்பேன் என்று ஆண்டவன் அறிய உறுதி கூறுகிறேன்.' அவ்வளவுதானே? இதுல என்ன கஷ்டம்?"

"வேற ஏதாவது படிக்கிறேனே சார். மைக்குக்குச் சத்தம்தானே வேணும்?"

மைக்காரர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை.

"புரியுது. நீங்க தோத்தவரோட ஆளு. புது அம்மாவுக்காக வாயைத் திறக்க மனசு வரலை."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லை சார்."

"நாளைக்குக் காலையில கடைசி ஒத்திகை. அப்பவும் இப்படி நின்னீங்கன்னா மேலிடத்துக்கு எழுதிடுவேன். வேலையே ஆட்டம் கண்டுடும், பார்த்துக்குங்க."

அத்தனை பேர் எதிரில் அப்படிக் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மேடையை விட்டு இறங்கிப் போனாள்.

நாற்காலி போடுகிறவர் மெல்ல வந்து நின்றார்.

"சார், பதவி முடிஞ்சு போற பழைய ஜனாதிபதிக்கு முன்வரிசை நடுவுலதானே போடுவோம்?"

"வேண்டாம். கேமராவுக்கு மறைக்கும். அந்தத் தூணுக்குப் பின்னாடி போடு."

"அங்கேயிருந்து மேடையே தெரியாதே சார்."

"சொன்னதைச் செய்யப்பா."

மறுநாள் காலை அவள் மேடை ஏறினாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ஆனால் முகம் தெளிந்திருந்தது. கையை உயர்த்தி, ஒரு சொல் பிசகாமல், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உறுதிமொழியைச் சொல்லி முடித்தாள்.

அதிகாரி மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "வேலைக்கு ஆபத்துன்னதும் குரல் எப்படி வந்துடுச்சு, பார்த்தீங்களா?"

"பயந்துதான் போனேன் சார். ஆனா அதுக்காகச் சொல்லலை." சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னாள். "எங்க வீட்டுல மாடியில நாங்க, கீழே என் ஓரகத்தி. துணி காயப்போடுற கொடிக்காக ஆரம்பிச்ச சண்டை. பேசி வருஷக்கணக்காச்சு. தண்ணி வந்துடுச்சுன்னு சொல்றதுக்குக்கூட என் பொண்ணைத்தான் அனுப்புவேன். அப்படி ஒரு வன்மத்தை உள்ளே வெச்சுக்கிட்டு, பகையில்லைன்னு ஆண்டவன் பேரைச் சொல்ல நாக்கு எழலை சார்."

"இது வெறும் ஒத்திகைதானேம்மா?"

"நமக்குத்தான் சார் ஒத்திகை. அவருக்கு அது தெரியுமா?"

மைக்காரர் ஒயர் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நேத்து சாயங்காலம் நானே கீழே இறங்கிப் போனேன். கதவைத் திறந்தவ என்னைப் பார்த்துத் திகைச்சுப் போய், 'என்னக்கா, தண்ணி வரலையா?'ன்னு கேட்டா. அவ்வளவுதான், ரெண்டு பேருக்கும் அழுகை வந்துடுச்சு. மேலே வந்து இந்த வரியைச் சொல்லிப் பார்த்தேன். தடங்கலில்லாம வந்துச்சு."

அதிகாரியால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கையிலிருந்த பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு யாரையும் கூப்பிடாமல் தூண் பக்கம் போய், அந்தக் கனமான நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். முன்வரிசை நடுவில் வைத்தார்.

நாற்காலிக்காரர் பதறி ஓடிவந்தார். "நான் தூக்க மாட்டேனா சார்? கேமராவுக்கு மறைக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கேமராவுக்கு ஒண்ணும் மறைக்காதுப்பா." குரல் அவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. "முன்னே ஒரு விழாவுல, கார் தாமதமா வந்ததுக்கு எல்லார் எதிர்லயும் அவர் என்னைத் திட்டிட்டார். அந்தத் தூணை அதுக்காகத்தான் தேடிக் கண்டுபிடிச்சேன்."