வாய்த்துணி

கொடைக்கானலில் துணிக்கடைக்கு மேலே இருந்த வீட்டில், மேசைமுன் உத்தம்சந்தும், ஜன்னலோரம் அவர் மனைவி சந்திராவும், எதிர்க் கட்டிலில் அவர் அம்மா விமலாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஜைனத் துறவிகளைப் போல வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிப் பார்த்தாள் விமலா.

“வீட்ல சம்மதம் எழுதிக் கொடுக்காம துறவு தீட்சை தரமாட்டாங்க” என்றாள்.

“இந்த வயசுல செருப்பில்லாம ஊர் ஊரா நடக்கணுமா?” என்றார் உத்தம்சந்த். “காத்துல இருக்கற உயிருக்குக்கூட நோகக்கூடாதுன்னு கட்டுற துணி அது. எனக்கு மட்டும் நோகலாமா?”

விமலா துணியை இறக்கினாள். “அன்னிக்கே நான் தீட்சைக்குக் கிளம்பினப்ப, புள்ளைய ஆளாக்கிட்டுப் போன்னு உங்கப்பா கெஞ்சினாரு. இருந்தேன். ஆளாக்கிட்டேன்லடா?”

சந்திரா காகிதத்தை நகர்த்தி வைத்தாள்.

‘என் தாயார் தீட்சை பெற மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார் உத்தம்சந்த். உறையை ஒட்டியவர், அம்மா மறுபடி துணியைக் கட்டுவதற்குள் அந்த முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டு, கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் படியிறங்கினார்.