ஒரு விரல்

தலையில் மாட்டினால் வேறோர் அறைக்குள் நிற்கவைக்கும் அந்த வி.ஆர். ஹெட்செட்டை முதலில் சோதித்தவர்களில் சிவஞானமும் ஒருவர். அதனுள்ளே ஒரு மேசை தெரியும், மேசைமேல் ஒரு டம்ளர். இல்லாத அந்த மேசையில் கையூன்றப் போய் ஒருவர் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து சோதனைக்கூடத்தில் ஒரு வழக்கம் வந்தது. ஹெட்செட்டைக் கழற்றியதும், எதையும் ஒரு விரலால் தொட்டுப் பார்த்த பிறகே நம்புவார்கள்.

ஹெட்செட் கடைகளுக்கு வந்தது. வாங்கியவர்களுக்குத் தலை சுற்றியது. கம்பெனி தயாரிப்பை நிறுத்தி, மிஞ்சியவற்றை லாரியில் ஏற்றி நொறுக்க அனுப்பியது. சிவஞானத்தின் விரல் மட்டும் ஓயவில்லை. வீட்டில் கதவு, தலையணை, காப்பி டம்ளர் எல்லாவற்றையும் தொட்டது. தூங்கும் மனைவியின் தோளையும் தொட்டது.

"அதான் எல்லாத்தையும் லாரி ஏத்திட்டாங்களே, இன்னும் என்னங்க சோதனை? காப்பியில விஷமா வெச்சிருக்கேன்?" என்றாள் மனைவி மேகலா.

"பழக்கமாயிடுச்சு மேகலா."

"நான் இருக்கேனான்னுகூடவா சந்தேகம்? இன்னிக்குத் தொட்டுப் பாக்காம வாங்கிக் குடிங்க. இல்லேன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

அவர் விரலை மடக்கிக்கொண்டார். பிறகு கண்ணை மூடி, கையை நீட்டி, டம்ளரை அப்படியே பற்றினார். சுட்டது. ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கரை தூக்கல்" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாயிற்று. மேகலா அவரையே பார்த்தபடி நின்றாள். பிறகு ஒரு விரலை நீட்டி, மெல்ல, அவர் கன்னத்தருகே கொண்டுபோனாள்.