மரியசெல்வத்தின் வாய்தா

செத்து இரண்டு வருஷமான மரியசெல்வத்தைப் பிடிக்க, போலீஸ்காரர் மூன்றாவது முறையாகப் பிடிவாரண்ட்டோடு நொச்சிக்குப்பம் வீட்டுக்கு வந்துபோனார். அம்மா பயந்து அழுதாள். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய மகள் ரோசலினுக்கு ரத்தம் கொதித்தது. இறப்புச் சான்றிதழைக் கொடுத்து வழக்கையே மூடிவிட நீதிமன்றத்துக்குக் கிளம்பினாள்.

பஸ்ஸிலேயே நீதிமன்ற இணையதளத்தில் அப்பாவின் பெயர், ஆண்டு, காவல் நிலையம் எல்லாம் போட்டு வழக்கைத் தேடி எடுத்தாள். வாய்தாவுக்கு வாய்தா 'ஆஜராகவில்லை' என்றே இருந்தது. இன்றைய தேதியில் மட்டும், 'ஆஜர். வாரண்ட் ரத்து. மகள் ஜாமீன்.'

"செத்தவரு எப்டி சார் ஆஜராவாரு? கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று கிளார்க்கின் மேசையில் சான்றிதழை அறைந்தாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா வெளையாடுறியா? இப்பதானே உங்க நைனாவக் கூட்டிக்கினு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போனே?"

ஜாமீன் பத்திரத்தை எடுத்து நீட்டினார். கையெழுத்து அவளுடையது. ஒட்டியிருந்த படத்தில் இருந்ததும் அவள்தான், இன்று காலை முதன்முதலாக உடுத்திய மஞ்சள் சுடிதாரில்.

"பதினாலாம் தேதி அவரக் கூட்டியாந்துடு. இல்லேன்னா அடுத்த வாரண்ட் உன் பேருக்குத்தான்."